நாலாயிரத்து அறுநூறு

ஐம்பது கிலோ என்றது தராசு.
ஆகவே ஃபாயிஸா,
நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு
நாலாயிரத்து அறுநூறு மில்லிலீற்றர்.
நீ குடிக்கும் ஜீவனியும் அதற்குள் அடக்கம்,
உன் உம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியும்,
குளிசையோடு விழுங்கும் மிடறும்.

வெளியே மழைக்குக் கணக்கில்லை.
ஆமர் வீதியில் பஸ்கள் நின்றுவிட்டனவாம்.
மணிக்கொருதரம் வானொலி சொல்கிறது:
நாகலகம் வீதி அளவுகோலில் களனி
நாலடி,
நாலே கால்.
மூன்று மணிக்கொருதரம் நான்
உன் விரல் நுனியைக் குத்தி
மெல்லிய கண்ணாடிக் குழாயில்
குருதி எவ்வளவு தடித்ததென்று பார்க்கிறேன்.
முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.

காய்ச்சல் விட்டுட்டே, இனிப் பயமில்லையே
என்கிறார் உன் வாப்பா.
காய்ச்சல் விட்ட பிறகுதான்
டெங்கு தன் கள்ளவேலையைத் தொடங்கும்.
எங்கும் வெட்டில்லை, தரையில் ஒரு சொட்டில்லை.
நாளச் சுவர்கள் தளர்ந்து
நீர் மட்டும் நழுவி
நெஞ்சறையிலும் வயிற்றிலும் போய்
ஒளிந்துகொள்கிறது.
தண்ணீர் உனக்குள்ளேதான் இருக்கிறது,
உனக்கு உதவாத இடத்தில்.

"புள்ளட நாக்கு காஞ்சி போச்சு டொக்டர்,
இன்னொரு போத்தல் ஏத்துங்களே.
வெளியில வாங்கணுமெண்டா வாங்கித் தாரன்."
கொம்பனித்தெருவில் ஓட்டோ ஓட்டுகிறவர்.
சட்டைப்பையில் நனைந்த நூறு ரூபாய்த் தாள்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது,
போன பருவத்தில் பதினோராம் கட்டிலில் இருந்தவன்
தாகத்தால் போகவில்லை என்று.
ஒளிந்த நீர் ஒருநாள் திரும்பி வரும்.
வந்தபோது அவனுக்குள் இடமில்லை.
நாங்கள் ஊற்றியதெல்லாம் நிறைந்து கிடந்தது.
இருமலில் நுரை வந்தது, இளஞ்சிவப்பாய்.
அன்று குழாயைத் திறந்துவிட்டது
இந்தக் கை.

ஆகவே அவரிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தேன்.
இதில் ஐம்பது பிடிக்கும்,
ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.
பெற்றோல் பற்றுச்சீட்டின் பின்புறத்தில்
பள்ளிப் பிள்ளைபோல் குனிந்து எழுதினார்.

இரண்டு பத்துக்குச் சந்தமாலி மிஸ்ஸி
பெயர் சொல்லாமல் என் தோளைத் தட்டினார்.
மேலே தொண்ணூற்றைந்து, கீழே எண்பது.
இரண்டுக்கும் நடுவே பதினைந்து.
உள்ளங்கால் குளிர்ந்திருந்தது.
நகத்தை அழுத்தி விட்டேன்,
வெளுத்த இடம் சிவக்க
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு.
கண்ணாடிக் குழாயில் நாற்பத்தொன்பது.

ஐந்நூறு. ஒரு மணித்தியாலத்தில்.
கணக்கில் கழித்து எழுதிவிட்டுத் திறந்தேன்.
போதவில்லை.
பிறகு டெக்ஸ்ட்ரான்,
ஓடுகிற நீரைக் கையைப் பிடித்து
நாளத்துக்குள் நிறுத்திவைக்கிற கனத்த திரவம்.
வாப்பா சுவரோடு ஒட்டி நின்று
ஓதிக்கொண்டிருந்தார்.
நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்,
அதுவும் ஒரு ஓதல்தான்.

இருபத்தொன்று. இருபத்தெட்டு.
இடைவெளி விரிந்தது.
சிறுநீர் பத்து மில்லி,
பதினெட்டு,
நாற்பது.
மிஸ்ஸி அளவுச் சாடியை விளக்கடியில் தூக்கிப் பிடித்து
தங்கம் நிறுப்பவரைப்போல் வாசித்தார்.

களனி ஐந்தடியைத் தாண்டியது.
கொலன்னாவையில் வள்ளம் இறக்கினார்களாம்.

மறுநாள் இரவு
குழாயின் சிறு சக்கரத்தை உருட்டி மூடினேன்.
திறப்பதற்கு ஓர் இரவில் பழகிவிடலாம்.
மூடுவதற்கு
எனக்கு ஒரு மனிதன் செலவானான்.
ஏன் நிப்பாட்டினீங்க என்று கேட்டார் வாப்பா.
திரும்பி வருகுது, என்றேன்.

விடியும்போது சாடி நிரம்பி
இன்னொன்று கேட்டது.
உன் கால்களில் சிவப்புக் கடல்,
நடுவே வெள்ளை வெள்ளையாய்த் தீவுகள்.
உள்ளங்கை அரிக்கிறது என்று சிணுங்கினாய்,
போன் சார்ஜர் எங்கே என்று சண்டை பிடித்தாய்,
தெம்பிலி வேண்டும் என்றாய்.

வாப்பா நனைந்தபடி போய் வாங்கி வந்தார்.
நீ குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்து
பற்றுச்சீட்டை எடுத்தார்.
இனி எழுதத் தேவையில்லை,
கணக்கு முடிந்துவிட்டது என்றேன்.
காதில் விழாதவர்போல் எழுதினார்:

தெம்பிலி, ஒண்டு.
முழுசா.